தொலைவும் பிள்ளைப்பேறும்: கொங்கு நாட்டு மகப்பேற்று மருத்துவத்தின் இட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் இன்று மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. எனினும் கொங்கு நாட்டைச் சூழ்ந்துள்ள மலைகளில் வாழும் பெண்களுக்கு அந்நிலையத்தை அடையும் வழி இன்னும் தீராத சிக்கலாகவே உள்ளது. இவ்விடைவெளியைப் பழைமையின் எச்சம் என்று கொள்வது வழக்கம். மாறாக, உயிர் காக்கும் மருத்துவம் உருவாகி அது சமவெளியின் குறிப்பிட்ட சில தடங்களில் குவிந்ததன் விளைவாகவே இவ்விடைவெளி பிறந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சுமைதாங்கிக் கற்கள், உள்ளாட்சி மருந்தகங்கள், ஆனைமலைத் தோட்டங்கள், மக்கள்தொகை அடிப்படையிலான நலவாழ்வு அளவுகோல்கள், வனச் சட்டங்கள் ஆகியவை இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, மகப்பேறு, மருத்துவச்சி, வால்பாறை, தோட்டத் தொழிலாளர், ஆரம்ப சுகாதார நிலையம், வன உரிமை.

முன்னுரை

2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2018–20 காலத்தில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97 ஆகவும் தமிழ்நாட்டில் 54 ஆகவும் இருந்தது. 2001–03இல் தமிழ்நாட்டின் அளவு 134. இருபது ஆண்டுகளுக்குள் இவ்வளவு குறைந்திருப்பது சிறிய செயலன்று.

இதே மாநிலத்தில், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஆனைமலைத் தொடரிலுள்ள குருமலை, குழிப்பட்டி போன்ற ஊர்களிலிருந்து பேறுகால வலி கண்ட பெண்ணை மூங்கில் கழியில் கட்டிய போர்வைத் தொட்டிலில் கிடத்தித் திருமூர்த்திமலை அடிவாரம்வரை ஆண்கள் தோளில் சுமந்து இறங்கும் நிகழ்வுகள் இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் செய்தியாகின்றன. அடிவாரத்தை அடைந்ததும் அவள் ஊர்தியில் ஏற்றப்பட்டு அரசு மருத்துவமனையில் பிள்ளை பெறுகிறாள். கணக்கெடுப்பில் அவளும் 99.6இல் ஒருத்தியே. பேறு எங்கு நிகழ்ந்தது என்று கேட்கும் வினாவுக்கு அங்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பது விடையாவதில்லை.

கொங்கு நாடு, மலைகள் சூழ்ந்த ஒரு மேட்டுநிலம். வடக்கே சத்தியமங்கலம், பர்கூர் மலைகள், மேற்கே நீலகிரியும் வெள்ளியங்கிரியும், தெற்கே ஆனைமலை. ஆங்கிலேயர் காலத்துக் கோயம்புத்தூர் மாவட்டம் இவ்விரு நிலங்களையும் ஒரே ஆட்சியெல்லைக்குள் வைத்திருந்தது. பின்னர் நீலகிரி 1868இல் பிரிந்தது. 1910இல் கரூர் திருச்சிராப்பள்ளியோடும், 1956இல் கொள்ளேகால் மைசூரோடும் சென்றன. 1979இல் ஈரோடு (அன்று பெரியார் மாவட்டம்), 2009இல் திருப்பூர் ஆகியவை தனி மாவட்டங்களாயின. ஈரோடும் திருப்பூரும் பிரிந்த ஒவ்வொரு முறையும் புதிய தலைநகரும் அதற்கொரு தலைமை மருத்துவமனையும் சமவெளியிலேயே அமைந்தன. மலைகளோ ஒவ்வொரு முறையும் ஒரு மாவட்டத்தின் ஓரமாகவே எஞ்சின.

சுமைதாங்கி எனும் சான்று

பேறுகால இறப்பைப் பற்றிய பழைய பதிவுகள் ஏடுகளில் மிகக் குறைவு. வழியோரங்களில் அவை கல்லாக நிற்கின்றன. இரண்டு நிமிர்ந்த கற்களின்மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்தி அமைக்கப்படும் சுமைதாங்கி, தலைச்சுமையோடு நடப்போர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கிவைக்க உதவுவது. தமிழகத்தின் பல பகுதிகளிலும் போலவே கொங்கிலும், சூல்கொண்ட நிலையில் அல்லது பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக இதை எழுப்பும் வழக்கம் இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமல் மாண்டவளின் பொருட்டு வழிப்போக்கரின் சுமை இறக்கப்பட வேண்டும் என்பது அதன் உட்பொருள். சில கற்களில் இறந்தவள் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும்.

கல்லும் கொத்தரும் கூலியும் தர வல்ல குடும்பங்களே இவற்றை எழுப்பியிருக்க முடியும். ஆகவே இக்கற்கள் ஏழைகளின் இறப்பைக் காட்டுவன அல்ல. நிலமும் வண்டியும் உறவும் உடைய வீடுகளிலும் பேறு கொன்றது என்பதையே காட்டுகின்றன. அவை நிற்குமிடம் சந்தைக்குச் செல்லும் பெருவழி. அதாவது, வழிக்கு மிக அருகில் வாழ்ந்தவளும் காப்பாற்றப்படவில்லை.

இந்நிலை கொங்குக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய, அமெரிக்கப் பேறுகால இறப்புகளின் வரலாற்றை எழுதிய இர்வின் லவுடன் (1992), பிரிட்டனில் 1930களின் நடுப்பகுதிவரை செல்வநிலை தாயின் உயிரைப் பெரிதும் காக்கவில்லை என்பதை விரிவாகக் காட்டியுள்ளார். 1935க்குப் பிறகு சல்பா மருந்துகள் பேறுகாலக் காய்ச்சலை அடக்கின. கருப்பையைச் சுருக்கும் எர்கோமெட்ரின் அதே ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. குருதி ஏற்றலும் பாதுகாப்பான அறுவைப் பேறும் அடுத்த இருபது ஆண்டுகளில் பரவின. அதன் பின்னரே மருத்துவமனைக்கு அருகிலிருப்பது உயிரைக் காக்கும் ஒன்றாகியது. தொலைவிலிருப்பது கொல்லும் ஒன்றாகியது. மருந்து இல்லாத காலத்தில் மலையும் சமவெளியும் இவ்வகையில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன எனலாம். கொங்கின் இட வரலாற்றை இந்தப் பின்னணியில் படிப்பது தகும்.

மருத்துவச்சியும் சாளையும்

பேறு வீட்டில் நிகழ்ந்த காலத்தில் துணையே வீடு தேடி வந்தது. சமவெளி ஊர்களில் நாவிதர் குடும்பத்துப் பெண்ணே மருத்துவச்சி. கொங்கில் நாவிதருக்குக் குடிமகன் என்ற பெயரும் உண்டு. அவர் குடும்பத்தின் பணிகள் ஊர்க்குடிகளோடு பரம்பரை உரிமையாகப் பிணைக்கப்பட்டிருந்தன. அறுவடையில் தானியப் பங்கும், பேற்றின்போது துணியும் அரிசியும் ஊதியம். அழைத்தால் வரவேண்டும் என்பது கடமை. இக்கடமையைத் தொண்டு என்று போற்றுவதைவிட, மறுக்க இயலாத சாதிப்பணி என்று காண்பதே வரலாற்றுக்கு நேர்மையானது.

இந்த ஏற்பாட்டிலும் தொலைவு இருந்தது. காவிரி வடிநிலத்தைப் போல வீடுகள் தெருவாக நெருங்கி நில்லாமல், கொங்கில் வேளாண் குடும்பங்கள் பல தத்தம் கிணற்றடியில், தோட்டத்துச் சாளைகளில் தனித்தனியே வாழ்ந்தன. ஊரிலிருந்து மருத்துவச்சியை அழைத்துவர ஒருவர் இருட்டில் மேட்டாங்காட்டு வழியே நடக்க வேண்டும். இதனினும் பெரிய தொலைவு ஊருக்கும் வளவுக்கும் இடையில் இருந்தது. ஊர்க்குடிகளுக்குரிய மருத்துவச்சி ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்குச் செல்வதில்லை. அங்கு அக்குடியிருப்பின் மூத்த பெண்களே பேறு பார்த்தனர். கூப்பிடு தூரத்திலிருந்தும் எட்டாமை என்பது அளவுகோலால் அளக்க முடியாதது. நலவாழ்வு நிலைய வரைபடங்கள் இன்றும் இதைக் காட்டுவதில்லை.

காடர், மலசர், முதுவர், இருளர், ஊராளி, சோளகர் முதலிய மலைமக்களிடம் பேறு பார்த்தவர் அந்தந்தக் குடியிருப்பின் அனுபவமிக்க பெண்கள். இவர்களுடைய அறிவைச் சமவெளி நிருவாகம் பதிவு செய்யவில்லை. பின்னாளில் அதைத் தடை செய்யவேண்டிய ஒன்றாகவே கண்டது. 1926ஆம் ஆண்டுச் சென்னைச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டம் பதிவு பெற்ற பேறுகாலப் பணியாளரையும் ஏனையோரையும் பிரித்தது. மரபு மருத்துவச்சி அதன்பின் ஆவணங்களில் 'பயிற்சி பெறாதவள்' ஆனாள்.

இருப்புப்பாதையும் ஆலையும்

சென்னையில் அரசுப் பேறுகால மருத்துவமனை தோன்றியது 1844இல். கோவைப் பகுதியின் உள்நாட்டில் ஆங்கில மருத்துவம் பரவியது அதற்கு வெகுகாலம் கழித்தே. 1871ஆம் ஆண்டு உள்ளூர் நிதிச் சட்டமும் 1884ஆம் ஆண்டு உள்ளாட்சிக் கழகச் சட்டமும் சாலைக்கும் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் செலவிட வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு அளித்தன. மக்கள் தர்மாஸ்பத்திரி என்றழைத்த மருந்தகங்கள் இந்நிதியில் தாலுகாத் தலைநகர்களில் அமைந்தன. வரி திரண்ட இடத்தில் மருந்தகம் நின்றது. வரி செலுத்தும் நிலவுடைமை இல்லாத காட்டுப்பகுதிக்கு இந்நிதிமுறையில் பங்கு கேட்கும் வாய்ப்பே இல்லை.

இருப்புப்பாதை 1862இல் போத்தனூரை அடைந்தது. 1873இல் கோவை வழியாக மேட்டுப்பாளையம் சென்றது. லண்டன் மிஷன் மருத்துவப் பணி ஈரோட்டில் வேரூன்றியதற்கு அந்நகர் இருப்புப்பாதைச் சந்திப்பாக இருந்ததும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கு மிஷன் மகளிர் மருத்துவர்கள் வழி திறந்தனர். அவ்வழியும் வண்டி செல்லும் தொலைவுக்குட்பட்டதே.

1924–25இல் நீதிக்கட்சி ஆட்சி தொடங்கிய ஊரக மருத்துவ உதவித் திட்டம் தனிக் கவனத்துக்குரியது. நகரில் தொழில் செய்யும் மருத்துவருக்கு அரசு மானியம் தந்து சிற்றூரில் குடியேறச் செய்வதும், மருந்தகத்தோடு பேறுகாலப் பணியாளரை இணைப்பதும் இதன் நோக்கம். மருத்துவமனைக் கட்டடத்தைவிட மருத்துவரின் வாழிடமே சிக்கலின் மையம் என்பதை இத்திட்டம் சரியாக உணர்ந்திருந்தது. ஆயின் மானியம் குறைவு. எஞ்சிய வருவாயை மருத்துவர் நோயாளரிடமே ஈட்ட வேண்டும். ஆகவே பணம் புழங்கும் பெரிய கிராமத்தையே அவர் தேர்ந்தெடுப்பார். 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய் சேய் நலத்தை உள்ளாட்சியின் கடமைகளுள் ஒன்றாக்கியது. இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதன்மையானது எனினும், கடமையைச் செய்யும் பொருள்வலிமை உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறுபட்டது.

இதற்கிடையே 1888இல் ஸ்டேன்ஸின் ஆலை, 1930களில் பைக்காரா மின்சாரம் என்று கோவை பஞ்சாலை நகரமாயிற்று. மருத்துவம் ஆலையின் அடிச்சுவட்டில் வந்தது. 1952இல் ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை. 1955இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். 1966இல் கோவை மருத்துவக் கல்லூரி. 1990இல் கோவை மருத்துவ மையம். இவற்றுள் பலவும் நகரின் நடுப்பகுதியிலும் அவினாசிச் சாலைத் தடத்திலும் நிற்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கோவை மாவட்ட மக்களில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தார். ஆகவே மாவட்ட சராசரி எதை எடுத்தாலும் அது நகரத்தின் சராசரியே. ஒரு மாவட்டத்துக்குள் எத்தனை கட்டில்கள், எத்தனை மகப்பேற்று வல்லுநர்கள் என்று கணக்கிட்டால் கோவை குறையற்றது. ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் வகுத்த தலைகீழ்ப் பராமரிப்பு விதி, தேவை மிகுந்த இடத்தில் நல்ல மருத்துவம் குறைந்தே கிடைக்கும் என்பது. அதற்கு இம்மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு.

ஆனைமலைத் தோட்டங்கள்

கொங்கின் மலைகளில் ஒரேயோர் இடத்தில் மட்டும் மருத்துவமனை சமவெளிக்கு இணையாக, சில வேளைகளில் முன்னதாகவும் தோன்றியது. அது வால்பாறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார்வர் மார்ஷ் போன்றோர் காடழித்துத் தொடங்கிய தோட்டங்களுக்குச் சமவெளியின் வறண்ட பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியே குடும்பம் குடும்பமாக ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை. எனவே தோட்டத்தின் உற்பத்தி, கருவுறும் வயதிலுள்ள பெண்களின் உடலைச் சார்ந்திருந்தது.

தமிழ் மரபில் தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்க வேண்டும். இவ்வழக்கம் உறவுமுறைச் சடங்கு மட்டுமன்று. இளம்பெண்ணை அவள் தாயின் காவலில் சில மாதம் வைத்திருக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் ஆகும். முன்பணத்தில் கட்டுண்டு மலையேறியவளுக்கு இது எட்டாதது. தோட்டத் தொழிலாளர் ஒப்பந்தத்தை மீறுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1903ஆம் ஆண்டுச் சட்டம், மலையிலிருந்து இறங்குவதையே ஐயத்துக்குரிய செயலாக்கியது. தாய்வீடு, மருத்துவச்சி, மூத்த உறவுப்பெண்கள் ஆகிய மூன்றும் ஒருசேர அறுந்த நிலையில் லயன் வீட்டின் ஓரறையில் பேறு நிகழ்ந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் எழுதி 1969இல் வெளியான 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவல் (தமிழில் இரா. முருகவேளின் 'எரியும் பனிக்காடு') இவ்வுலகைச் சித்திரிக்கிறது. நாவலை ஆவணமாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. எனினும் எழுதியவர் அம்மலையின் நோயாளரைக் கண்டவர் என்பது அதற்கொரு தனி எடையைத் தருகிறது.

1934ஆம் ஆண்டுச் சென்னை மகப்பேற்று நலச் சட்டம் ஆலைப் பெண்களை நோக்கியது. தோட்டப் பெண்களின் நிலையைப் பெரிதும் மாற்றியது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே. மருத்துவ வசதி, குழந்தைகள் காப்பகம், மகப்பேற்றுப் பயன் ஆகியவை அதன்வழி முதலாளியின் கடமைகளாயின. தோட்ட மருத்துவமனைகளும் பல தோட்டங்களுக்குப் பொதுவான மருத்துவமனைகளும் செயற்பட்டன. பேறுகாலப் பணியாளர் லயனுக்கே வந்தார். மலையில் பேறு பார்க்கும் வசதி நடைதொலைவில் கிடைத்தது, அன்றைய சமவெளிச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் கிடைக்காத ஒன்று.

இவ்வசதிக்கு இரண்டு வரம்புகள் இருந்தன. முதலாவது, இது தொழிலாளிக்குரிய உரிமை, அவ்விடத்துக் குடிமகளுக்குரியதன்று. தோட்டத்துக்கு அப்பால் காட்டுக்குள் வாழ்ந்த காடர், முதுவர் பெண்கள் இச்சட்டத்தின் கணக்கில் இல்லை. இரண்டாவது, முதலாளி மருத்துவம் தருவதாகச் சட்டம் சொன்னதால், அரசு அங்கே தன் நிலையங்களைப் பெருக்க வேண்டிய நெருக்கடி குறைந்தது. 1990களின் இறுதியிலிருந்து தேயிலை விலை சரிந்து தோட்டங்கள் செலவைக் குறைத்தபோது இந்த இரண்டாம் வரம்பு வெளிப்பட்டது. தொழிலாளர் குடும்பங்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கின. அவர்கள் இடத்தில் ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். நூறாண்டுக்கு முன் கங்காணியோடு வந்த தமிழ்ப்பெண்ணைப் போலவே இவர்களும் தாய்வீட்டிலிருந்து பல நாள் பயணத் தொலைவில், இம்முறை மொழியும் அறியாமல், பிள்ளை பெறுகின்றனர்.

வால்பாறையில் அரசு மருத்துவமனை உண்டு. எனினும் வல்லுநரும் குருதி வங்கியும் வேண்டும் சிக்கலான பேறுகள் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ அனுப்பப்பட வேண்டியவை. பொள்ளாச்சி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இடையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பேற்றுக்குப் பின் ஏற்படும் கடும் உதிரப்போக்கு சிகிச்சையின்றி இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைக் கொள்ளக்கூடும் என்பது மகப்பேற்று மருத்துவம் பொதுவாகக் கூறும் கணக்கு. இரு அளவுகளும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆயினும் அந்தத் தற்செயலுக்குள்தான் அங்குள்ள ஒவ்வொரு செவிலியரும் முடிவெடுக்க வேண்டியுள்ளது.

கடலுக்கப்பால் இதே வரலாற்றின் மறுபக்கம் இலங்கையில் உள்ளது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும் ஊர்தோறும் அமர்த்தப்பட்ட பொதுச் சுகாதாரப் பேறுகாலப் பணியாளரும் தாய் இறப்பை வெகுவாகக் குறைத்தனர். ஆசியாவில் பலரும் எடுத்துக்காட்டும் வெற்றி அது. ஆனால் மலையகத் தோட்டங்களில் மருத்துவம் முதலாளி வசமிருந்ததால் தமிழ்த் தோட்டப் பெண்கள் அவ்வெற்றியில் நெடுங்காலம் பின்தங்கினர். 1970களில் தோட்டங்கள் நாட்டுடைமையான பின்னரே அரசின் நலவாழ்வுத் துறை மெல்ல மெல்ல உள்ளே நுழைந்தது. முதலாளிக்குரிய பொறுப்பு, அரசின் பொறுப்பின்மையாக மாறும் வழியை வால்பாறையும் ஹற்றனும் ஒன்றாகவே காட்டுகின்றன.

தலைக்கணக்கு

விடுதலைக்குப் பின் ஊரக மருத்துவத்துக்கு அடித்தளமிட்டது 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை. சென்னையின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர். நிலையான ஓர் அளவுகோல் காலப்போக்கில் உருவாயிற்று. சமவெளியில் 5,000 பேருக்கும் மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். 30,000 அல்லது 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அது.

மலைக்குச் சலுகை தரப்பட்டது போல இது தோன்றுகிறது. கோபிசெட்டிபாளையம் பகுதியில் 5,000 பேர் வாய்க்கால் பாசன ஊர்கள் இரண்டு மூன்றில் வாழ்வர். பர்கூர் மலையிலோ கடம்பூர் மலையிலோ 3,000 பேர் என்பது காட்டுக்குள் சிதறிய பல குடியிருப்புகள். கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஒரு குடியிருப்பைக் கண்டு திரும்பினால் பகல் முடிந்துவிடும். தலைகளை எண்ணும் கணக்கு மணித்துளிகளை எண்ணுவதில்லை. தடியஸ், மெயின் இருவரும் 1994இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை தாய் இறப்புக்கு முடிவெடுப்பதில் தாமதம், சென்றடைவதில் தாமதம், சிகிச்சை பெறுவதில் தாமதம் என மூன்று காரணங்களைப் பிரித்தது. கொங்கு மலைகளில் இரண்டாம் தாமதம் முதல் தாமதத்தை விளைவிக்கிறது. இறங்கும் வழி கடினம் என்பதை அறிந்த குடும்பம் வலி உறுதிப்படும்வரை காத்திருக்கிறது. இதை அறியாமை என்று பதிவேட்டில் எழுதுவது எளிது.

கருத்தடைத் திட்டத்தோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். சென்னை மாநிலம் 1950களின் இறுதியிலேயே கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை அளிக்கத் தொடங்கியது. ஒரு நாள் முகாமாக நடத்தத்தக்க பணி அது. நாளும் இடமும் முன்கூட்டியே குறிக்கலாம். பேறு நாள் குறித்து வருவதில்லை. முகாம் செல்லக்கூடிய தொலைவும் மகப்பேற்று மருத்துவம் செல்லக்கூடிய தொலைவும் ஒன்றல்ல என்பதால், இனப்பெருக்க நலத்தின் ஒரு பாதி மற்றொரு பாதியைவிட எளிதில் பரவியது.

குவியும் மருத்துவம்

2005க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூன்று செவிலியரோடு 24 மணி நேரமும் பேறு பார்ப்பவையாக விரிவுபடுத்தப்பட்டன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 என உயர்ந்தது. 2008 செப்டம்பர் 15 அன்று 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கியது. சமவெளிக் கொங்கில் வீட்டுப் பேறு ஏறத்தாழ மறைந்தது. இவை ஐயமின்றி உயிர்களைக் காத்தன.

இவ்வெற்றியின் அடியில் மற்றொரு நகர்வு நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் பிறப்பு வீதம் முன்னதாகவே வீழ்ந்த பகுதிகளுள் கோவையும் ஈரோடும் அடங்கும். ஒன்றோ இரண்டோ பிள்ளைகளே என்றான குடும்பங்கள் ஒவ்வொரு பேற்றையும் வல்லுநர் கையில் ஒப்படைக்க விரும்பின. மாநில அளவில் அறுவைப் பேறு 2015–16இல் 34.1 விழுக்காடாக இருந்து 2019–21இல் 44.9 ஆனது. அரசுத் துறையிலும் சிக்கலான பேறுகள் சீமாங்க் மையங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேறுகள் குறையும்போது செவிலியரின் கைப்பழக்கமும் துணிவும் குறைகின்றன. துணிவு குறைய, மேலும் பல பெண்கள் மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். சூலூரில் வாழ்பவளுக்கு இதனால் இழப்பில்லை; அரைமணி நேரப் பயணமே கூடும். தாளவாடியில் வாழ்பவளுக்கு மலையும் காடும் குறுக்கிடுகின்றன. சராசரி உயர உயர, ஓரத்திலிருப்பவளின் பயணம் நீள்கிறது.

2022 சனவரியில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருப்பூரும் உதகையும் நாமக்கல்லும் இருந்தன. நீலகிரியில் வல்லுநர் மருத்துவம் மலையின்மேலேயே அமைவதற்கான அடிப்படையை இது தந்தது. ஆனைமலைக்கும் பர்கூருக்கும் அத்தகைய வாய்ப்பில்லை. அவை மாவட்டத் தலைநகரங்கள் அல்ல.

காடு, இரவு, எல்லை

சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதனூடே செல்லும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். வனவிலங்குகள் வாகனங்களில் அடிபடுவதைத் தடுக்க, சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. தடையின் நோக்கம் மறுக்கத்தக்கதன்று. அவசர ஊர்திகளுக்கு விலக்கும் உண்டு. ஆனால் ஊர்தி வந்து சேர நேரமாகும் இடங்களில் பக்கத்து வீட்டுச் சரக்கு வண்டியே ஊர்தி. அவ்வண்டியின் ஓட்டுநர் இரவில் சோதனைச்சாவடியை நினைத்தே புறப்படுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்.

தாளவாடிப் பெண்களுக்குச் சத்தியமங்கலத்தைவிடக் கர்நாடகத்தின் சாமராசநகர் மிக அருகில் உள்ளது. இடையில் மலைச்சரிவும் இல்லை. ஆனைகட்டிப் பகுதி இருளர் பெண்களுக்குக் கேரள அட்டப்பாடியின் கோட்டத்தறை பழங்குடி மருத்துவமனை பக்கம். அட்டப்பாடியிலிருந்து சிக்கலான பேறுகள் கோவைக்கு வருவதும் உண்டு. பிக்மி எண்ணும் தடுப்பூசி அட்டையும் உதவித்தொகைத் தவணைகளும் மாநிலக் கணக்குக்குள் இயங்குபவை. எல்லை கடந்து பிள்ளை பெற்றவளின் பேறு எந்த மாநிலத்தின் பதிவேட்டில் எப்படிச் சேரும் என்பதைத் தீர்க்கும் சுமை பெரும்பாலும் செவிலியர் மீதே விழுகிறது. காடர் சமூகம் கேரளத்தில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகளின் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டின் பட்டியலில் இல்லை. ஒரே மலையின் இரு சரிவுகளில் வாழும் உறவினர் இருவரில் ஒருவருக்கே அப்பட்டியலைச் சார்ந்த திட்டங்கள் பொருந்துகின்றன.

தொலைவைக் குறைக்க இயலாதபோது பெண்ணை முன்கூட்டியே நகர்த்துவது அரசு கண்ட ஒரு வழி. பழங்குடிப் பகுதிகளை ஒட்டிய சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தப்பட்டன. குறித்த நாளுக்குச் சில நாள் முன்பே தாய் வந்து தங்கலாம். மருத்துவ நோக்கில் சிறந்த ஏற்பாடு. வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்குச் சோறு பொங்குவது யார், உடன் தங்கும் தாயின் அன்றாடக் கூலி என்னாவது என்ற கேள்விகளுக்கு அறை மட்டும் விடை தருவதில்லை. தருமபுரியின் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ரெஜி ஜார்ஜ், லலிதா இருவரும் 1993 முதல் நடத்தும் பழங்குடி நல முயற்சி மறுதிசையில் சென்றது. மருத்துவமனையே பள்ளத்தாக்குக்குள் அமைந்தது. அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பெண்களே செவிலியராகவும் ஊர் நலப்பணியாளராகவும் பயிற்சி பெற்றனர். 1924இன் திட்டம் கண்டு, நிறைவேற்ற இயலாமற்போன கருத்தே இது: மருத்துவர் எங்கே வாழ்கிறார் என்பது.

எஞ்சியுள்ள வழி, பாதை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு சாலை, மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தைப் பயன்படுத்த இடமளிக்கிறது. கிராமசபையின் பரிந்துரை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எடுக்கப்படும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75க்கு மிகக் கூடாது. திருமூர்த்திமலை–குருமலைச் சாலைக்கான கோரிக்கை இப்பிரிவை முன்வைத்தே எழுந்தது. சட்டம் பரப்பால் அளக்கிறது. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஊர்தி ஒன்று செல்லத்தக்க 3 மீட்டர் அகலத்தில் பாதை வெட்டினால் அந்த ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 3.3 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். வளைவுகளில் ஊர்தி திரும்ப 5 மீட்டர் அகலம் வேண்டுமானால் அத்தகைய இடங்களில் இந்த நீளம் மேலும் சுருங்கும். மலைப்பாதையில் வளைவுகளே மிகுதி.